காதில் கத்தும் வண்டு

அக்டோபர் 19

ஆயா (என் பாட்டி) பாட்டு கேட்கும் ஹெட்ஃபோன் ஆம்பில், அதாவது ஒலியைப் பெருக்கும் சின்னப் பெட்டியில், 9 வோல்ட் சதுர பேட்டரி மறுபடி தீர்ந்தது. நான்கு நாள்கூட வரவில்லை.

கணக்குப் பார்த்தால் பேட்டரியைக் குறை சொல்ல முடியாது. உள்ளே ஒலியைப் பெருக்கும் ஐசியான ஓபிஏ 2134 பாட்டே இல்லாமல் சும்மா கிடந்தாலும் 8 மில்லி ஆம்பியர் குடிக்கும். எல்இடிக்கு 1.5 கிலோ ஓம் போட்டிருந்ததால் அது தனியாக 4.7. 32 ஓம் ஹெட்ஃபோனுக்குப் போகிறதையும் சேர்த்தால் சராசரி 20 என்று வைத்துக்கொள்ளலாம். நல்ல அல்கலைன் 9 வோல்ட்டில் 500 மில்லி ஆம்பியர் மணி இருக்கும். 25 மணி நேரம். ஆயா ஒரு நாளைக்கு ஏழு மணி நேரம் கேட்கிறார்கள். முடிந்தது கதை.

எல்இடி ரெசிஸ்டரைக் கழற்றி 10 கிலோ ஓம் வைத்தேன். 0.7 மில்லி ஆம்பியர். இருட்டறையில் அந்த வெளிச்சமே அதிகம்.

கடையில் 9 வோல்ட் கேட்டால் "மைக் பேட்டரியா?" என்று கார்பன்-ஜிங்க்கை எடுத்து நீட்டுகிறார்கள். அது அல்கலைன் அளவுக்கு ஓடாது. வெளியிலிருந்து கரண்டு கொடுக்க வழி பார்த்தாக வேண்டும்.

அக்டோபர் 20

பரண் பெட்டியில் பதினொரு அடாப்டர். எந்தச் சாதனத்தோடு வந்தது என்று ஒன்றுக்கும் தெரியாது. கையில் தூக்கிப் பார்த்தே பிரித்துவிடலாம். கனமானது இரும்புக் கோர் ட்ரான்ஸ்ஃபார்மர், இலேசானது எஸ்எம்பிஎஸ், அதாவது மின்சாரத்தை வேகமாக ஸ்விட்ச் செய்து மாற்றும் வகை.

கனமான ஒன்றில் "12 வோல்ட், 500 மில்லி ஆம்பியர்" என்று அச்சிட்டிருந்தது. மீட்டர் வைத்தால் 17.4. ஏமாற்று இல்லை, ரெகுலேட்டர் இல்லாத அடாப்டர் அப்படித்தான். 500 மில்லி ஆம்பியர் இழுத்தால்தான் 12க்கு இறங்கும். நம் ஆம்ப் இழுப்பது 20. ஆம்புக்குள் நிற்கும் கெப்பாசிட்டரோ 16 வோல்ட் தாங்குவது. மேலட்டையை நம்பி எதையும் செருகக் கூடாது. அதனால் முதல் வேலை, 220 மைக்ரோ ஃபாரட் 35 வோல்ட் வாங்கி இரண்டையும் மாற்றுவது. ஓபிஏ 2134 மொத்தம் 36 வோல்ட் வரை தாங்கும், அதைப் பற்றிக் கவலை இல்லை.

பின் விஷயம். வெளிவிட்டம் எல்லாம் 5.5 மில்லி மீட்டர்தான். உள்ளே 2.1, 2.5 என்று இரண்டு இருக்கிறது. 2.5 பிளக்கை 2.1 சாக்கெட்டில் செருகினால் நுழைந்துவிடும், ஆனால் ஆடும். தலையைத் திருப்பினால் கரகர என்னும். இந்தக் கரகரப்பை வால்யூம் கன்ட்ரோல் தேய்ந்துவிட்டது என்று நினைத்து அதைப் போய்க் கழற்றுகிறவர்கள் உண்டு.

உள்முனை பிளஸ்ஸா மைனஸ்ஸா என்பதை அச்சை நம்பாமல் மீட்டரில் பார்க்க வேண்டும். பதினொன்றில் ஒன்று தலைகீழ். கிட்டார் பெடலுக்கு வந்ததாக இருக்கும், அவை உள்முனை மைனஸ். தலைகீழாகச் செருகினாலும் ஆம்ப் பிழைக்க, அதன் பிளஸ் வழியில் ஒரு 1என்5817 டையோடு வைத்தாயிற்று. கால் வோல்ட் போகும், போகட்டும்.

அக்டோபர் 21

விடிய விடிய மழை. கரண்டும் இல்லை, பேட்டரியும் இல்லை.

அக்டோபர் 22

எஸ்எம்பிஎஸ் 12 வோல்ட் 1 ஆம்பியர். மீட்டரில் அட்சர சுத்தமாக 12.1. மேசையில் வைத்துக் கேட்டால் சத்தமே இல்லை. ஆயாவிடம் கொடுத்த அடுத்த நிமிஷம்:

"காதுல வண்டு கத்துதுப்பா. கன்னத்துல வேற என்னமோ ஊருது."

டெஸ்டரை ஆம்பின் மேல்மூடியில் வைத்தேன். மங்கலாக எரிந்தது.

இலேசான அடாப்டரில் மெயின்ஸ் பக்கத்துக்கும் வெளியீட்டுப் பக்கத்துக்கும் நடுவே சின்ன நீலக் கெப்பாசிட்டர் ஒன்று இருக்கும், ஒய் கெப்பாசிட்டர் என்பார்கள். ரேடியோ இரைச்சலை அடக்க வைப்பது. அது 1 நானோ ஃபாரட் என்றால் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸில் அதிகபட்சம் 72 மைக்ரோ ஆம்பியர் கசியும், 2.2 என்றால் 159. எர்த் உள்ள வீட்டில், எர்த் இணைப்புள்ள அடாப்டராகவும் இருந்தால் அது எர்த்துக்குப் போய்விடும். இங்கே இரண்டாங்கட்டு முழுக்க இன்னும் மரப்பட்டி வயரிங், உருண்டை இரட்டைக் குச்சி சாக்கெட். எர்த் என்று ஒன்றே கிடையாது. கசிவு ஆம்புக்கு வருகிறது, ஆம்பிலிருந்து ஹெட்ஃபோனுக்கு, ஹெட்ஃபோனிலிருந்து ஆளுக்கு.

இந்த அளவு ஆளைக் கொல்லாது. என் பயம் வேறு. மலிவு அடாப்டரில் அந்த இடத்தில் சாதாரண கெப்பாசிட்டரை வைத்துவிடுகிறார்கள். உண்மையான ஒய் வகை கெட்டுப்போனாலும் ஷார்ட் ஆகாதபடி செய்தது. சாதாரணம் ஷார்ட் ஆனால் 230 நேராகக் காதுக்கு. படுக்கையில் இருப்பவர் தலையில் மாட்டும் பொருளுக்கு இது வேண்டாம். சுவரில் செருகுவதாக இருந்தால் கனமான ட்ரான்ஸ்ஃபார்மர் மட்டும்தான்.

எர்த் குழிக்கு ஆள் சொல்லியிருக்கிறது. மழை விட்டால் வருவாராம்.

அக்டோபர் 23

இன்றைய தவறு என்னுடையது, விவரமாக எழுதி வைக்கிறேன்.

பாட்டு வருவது ஒரு ப்ளூடூத் போர்டிலிருந்து, அதற்கு 5 வோல்ட். ஒரே அடாப்டரில் இரண்டையும் ஓட்டலாமே என்று 12 வோல்ட்டை இரண்டாகப் பிரித்து, ஒன்றில் 7805 (5 வோல்ட் ரெகுலேட்டர்) வைத்து அந்தப் போர்டுக்குக் கொடுத்தேன். பாட்டு செத்தது. கிழிந்த பறை மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான்.

காரணம் எளிது. இந்த ஆம்புக்கு ஒற்றை சப்ளை. இரண்டு 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர்கள் அதை நடுவில் பிரித்துப் பொய்யாக ஒரு கிரவுண்டை (சுழி என்று எண்ணும் பொதுப்புள்ளியை) உண்டாக்குகின்றன. ஹெட்ஃபோனின் பொதுமுனை, ஆடியோ இன்புட்டின் பொதுமுனை எல்லாம் அந்தப் பாதி வோல்ட்டில் மிதக்கின்றன. ப்ளூடூத் போர்டின் கிரவுண்டோ அடாப்டரின் மைனஸ். ஆடியோ வயரைச் செருகியதும் இரண்டும் ஒட்டிக்கொண்டன. நடுப்புள்ளி மைனஸில் போய் உட்கார்ந்தால் அலையின் கீழ்ப்பாதி எங்கே போகும்? ரெசிஸ்டர் பிரிப்பு என்பதால் எதுவும் எரியவில்லை. அதே பிரிப்பைச் செய்யும் டிஎல்இ 2426 ஐசியை வைத்திருந்தால் அது தாக்குப்பிடிக்கப் பார்த்துச் சுட்டிருக்கும்.

பெட்டியிலும் இதே கண்ணி உண்டு. எவர்சில்வர் டப்பாவில் உலோக டிசி சாக்கெட் போட்டால் மைனஸ் டப்பாவைத் தொடும். அதே டப்பாவில் உலோக ஹெட்ஃபோன் ஜாக் போட்டால் பொய்க் கிரவுண்டும் டப்பாவைத் தொடும். இரண்டும் சேர்ந்துவிடும். டிசி சாக்கெட் பிளாஸ்டிக் உடம்புள்ளதாகவே இருக்க வேண்டும்.

ஆம்புக்கு ஒன்று, பாட்டு வரும் பெட்டிக்கு வேறொன்று. தனித்தனி.

அக்டோபர் 24

காரைக்குடி போய் வந்தது. திங்கட்கிழமை மறுபடி வரச் சொன்னார்கள்.

வரும் வழியில் ட்ரான்ஸ்ஃபார்மர் வாங்கியாயிற்று.

அக்டோபர் 25

15-0-15 (நடுமுனைக்கு இருபுறமும் 15 வோல்ட்), 500 மில்லி ஆம்பியர். 12 வாங்காததற்குக் காரணம் இந்த ஊர் மின்னழுத்தம். மாலை ஏழு மணிக்கு 180, நள்ளிரவில் 260. 180இல் 15 என்பது 11.7 ஆகும், உச்சம் 16.6, டையோடு போக 15.9. வோல்ட்டை நிலையாக வைக்கும் ரெகுலேட்டரான எல்எம் 317க்கு வெளியீட்டைவிட 2 வோல்ட்டாவது கூடுதல் வேண்டும், 12.6 கேட்டால் 14.6. தாண்டிவிடுகிறது. 12 ட்ரான்ஸ்ஃபார்மராக இருந்தால் மாலைதோறும் உறுமியிருக்கும். 260இல், சுமை குறைவு என்பதையும் சேர்த்தால் 28 வரை ஏறலாம். அதனால் கெப்பாசிட்டர் 35 வோல்ட், 25 கூடாது.

இரண்டு ஓரமுனைக்கும் 1என்4007 ஒவ்வொன்று, நடுமுனை மைனஸ். 2200 மைக்ரோ ஃபாரட். 20 மில்லி ஆம்பியருக்கு அதில் மிஞ்சும் ஏற்ற இறக்கம் பத்தில் ஒரு வோல்ட்டுக்கும் கீழே. பிறகு 317: வெளியீட்டுக்கும் அட்ஜஸ்ட் காலுக்கும் நடுவே 220 ஓம், அட்ஜஸ்டிலிருந்து மைனஸுக்கு 2 கிலோ ஓம். 1.25ஐ 10.09ஆல் பெருக்கினால் 12.6. அட்ஜஸ்ட் காலில் 10 மைக்ரோ ஃபாரட் ஒன்று வைத்தால் ரிப்பிள், அதாவது அந்த ஏற்ற இறக்கம், அடங்குவது 65 டெசிபெல்லிலிருந்து 80க்குப் போகும். வைத்தால் அதோடு பாதுகாப்பு டையோடும் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் வெளியீடு ஷார்ட் ஆகும் அன்று அந்தக் கெப்பாசிட்டர் 317 வழியாகவே காலியாகும்.

கால் வரிசை: 317ஐ எழுத்து தெரியப் பிடித்தால் இடமிருந்து அட்ஜஸ்ட், அவுட், இன். 7812இல் இன், கிரவுண்ட், அவுட். ஒன்றின் பலகையில் மற்றொன்றை வைக்கக் கூடாது. 317இன் முதுகுத் தகடும் அவுட்தான், உலோகப் பெட்டியில் திருகிவிடாதீர்கள்.

மெயின்ஸ் பக்கம் ஃபியூஸ் போட்டு, முழுவதையும் பிளாஸ்டிக் பெட்டிக்குள் அடைத்தேன். 12.64 காட்டுகிறது. மீட்டரைப் பார்த்துக்கொண்டே ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன்.

அக்டோபர் 26

ஆயா இன்று பாட்டு கேட்கவில்லை.

அக்டோபர் 27

வண்டு இன்னும் இருக்கிறது. சின்னதாக, அடித்தொண்டையில்.

என்ன வண்டு என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். ஃபோனில் ஒலி உண்டாக்கும் செயலியில் 50 ஹெர்ட்ஸையும் 100 ஹெர்ட்ஸையும் மாற்றி மாற்றி வைத்து ஒப்பிட்டேன். 100 என்றால் ரெக்டிஃபையர் (ஏசியை டிசியாக்கும் டையோடுகள்) பக்கம் கோளாறு, கெப்பாசிட்டரையோ ரெகுலேட்டரையோ பார்க்க வேண்டும். இது 50. ட்ரான்ஸ்ஃபார்மரின் காந்தப்புலம் ஆம்புக்குள் புகுகிறது. இரண்டும் ஒரே தலைமாட்டு ஸ்டூலில்! ஒன்றரை மீட்டர் வயர் போட்டுப் பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். போயே போயிற்று. காந்தப்புலம் தூரத்துக்குச் சடாரென்று குறையும், ஒரு முழம் நகர்த்தினாலே வித்தியாசம் தெரியும். நகர்த்த இடமில்லை என்றால் ட்ரான்ஸ்ஃபார்மரைத் திருப்பித் திருப்பி வைத்துப் பார்க்கலாம்.

இரவு 9.40க்குக் கரண்டு போய் இன்வெர்ட்டர் வந்தது. வண்டும் வந்தது, இந்த முறை கூட்டமாக.

பழைய சதுர அலை இன்வெர்ட்டர். சைன் அலையில் 230க்கு உச்சம் 325. சதுர அலையில் 230க்கு உச்சமும் 230தான். பெரிய கெப்பாசிட்டரில் 23.5 இருந்தது 16.5க்கு இறங்கியது. 317 தாங்குகிறது, உறுமல் அதனால் இல்லை. அலையின் செங்குத்தான விளிம்புகள் ட்ரான்ஸ்ஃபார்மர் சுருள்களுக்கு இடையிலேயே தாவி வருகின்றன. ரெகுலேட்டரால் அதை ஒன்றும் செய்ய முடியாது.

கரண்டு போகும் இரவுகளுக்குத்தானே இது முக்கியம். ஆயா முழித்திருப்பது அப்போதுதான்.

அக்டோபர் 28

பவர் பேங்க், கூடவே 12 வோல்ட்டுக்கு ஏற்றும் போர்டு. அரை நிமிஷத்தில் தானாக அணைந்தது. ஃபோன் கழற்றப்பட்டுவிட்டது என்று நினைத்துக்கொள்கிறது, இவ்வளவு சின்ன சுமையை அது மதிப்பதில்லை. 47 ஓம் 1 வாட் ரெசிஸ்டரைப் போட்டு ஏமாற்றலாம்தான். பாட்டுக்குப் போவதைவிட ரெசிஸ்டரைச் சூடாக்கப் போவது அதிகமாக இருக்கும். மேலும் அந்த ஏற்றும் போர்டு குறைந்த சுமையில் விட்டுவிட்டுத் துடிக்கும், கீச்சென்று ஒரு ஊசிச் சத்தம். வேண்டாம்.

அக்டோபர் 29

24 வோல்ட் கொடுத்தால் சத்தம் கூடாதா என்று தம்பி கேட்டான். 300 ஓம் ஹெட்ஃபோனுக்குக் கூடும். 9 வோல்ட்டில் அதற்கு 15 மில்லி வாட் கிடைத்தால் 12.6இல் 38 கிடைக்கும். 32 ஓமுக்குக் கூடாது. அங்கே ஐசி கொடுக்கும் ஆம்பியர்தான் முட்டும், வோல்ட் இல்லை.

அக்டோபர் 30

அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சமும் கொடுக்க, 1948இல் அடிக்கல் நடப்பட்டு, 1953இல் திறக்கப்பட்ட சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்) இருக்கிற ஊர் காரைக்குடி. பேட்டரி ஆராய்ச்சிக்கே பேர் போன இடம். நான் பத்து நாளாகச் சுவரைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கிறேன்.

8 ஏஏ செல், நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு, 2000 மில்லி ஆம்பியர் மணி. 9.6 வோல்ட். எல்இடியைக் குறைத்த பிறகு ஆம்ப் 16தான் இழுக்கிறது. 100 மணி நேரத்துக்கு மேல் ஓடும். சதுர வடிவ ரீசார்ஜ் பேட்டரியில் 200தான் இருக்கும், அதை வாங்காதீர்கள்.

8 செல் பிடிப்பானிலும் அதே 9 வோல்ட் பொத்தான் முனை. கிளிப்பைத் தலைகீழாக ஒரு நொடி தொட்டாலே ஐசி போய்விடலாம், 20ஆம் தேதி வைத்த டையோடு இதற்கும் சேர்த்துத்தான். இந்தச் செல்கள் ஷார்ட் ஆனால் பல ஆம்பியர் கொட்டும், பிடிப்பான் உருகும்; பிளஸ் வயரில் 250 மில்லி ஆம்பியர் ஃபியூஸ்.

டிசி சாக்கெட்டில் மூன்றாவது முனை ஒன்று உண்டு. பிளக் செருகியதும் அது வெளிவளையத் தொடர்பிலிருந்து விட்டுப்போகும். பேட்டரியின் மைனஸை அதில் கொடுத்தால் பகலில் ட்ரான்ஸ்ஃபார்மர், பிடுங்கினால் பேட்டரி, இரண்டும் ஒருபோதும் சேராது. அந்த முனையை விட்டுவிட்டு மைனஸை நேராக வெளிவளையத்திலேயே கொடுத்தவர்கள் சாதாரண அல்கலைனை அடாப்டரால் சார்ஜ் செய்து கசிய விட்டிருக்கிறார்கள்.

அக்டோபர் 31

ஹெட்ஃபோனை மாட்டும் முன் ஸ்விட்சைப் போட்டுவிட்டு இரண்டு நொடி பொறுக்க வேண்டும். பொய்க் கிரவுண்டு நிரம்பும்போது தும் என்று ஒரு அடி. ஆயாவுக்குத் தூக்கிவாரிப் போட்டுவிட்டது.

நவம்பர் 1

செல்கள் காலையில் 11.1. இரவு 10 மணிக்கு 10.6. 8க்கு இறங்கினால் நிறுத்திவிட வேண்டும், ஒரு செல்லுக்கு 1 வோல்ட். அதற்குக் கீழே போனால் பலவீனமான செல் தலைகீழாகச் சார்ஜ் ஆகிச் சாகும்.

கரண்டு போனது. வண்டு இல்லை. ஆயா கையை நீட்டி வால்யூமைத் தானே கூட்டினார்கள்.

நவம்பர் 2

10.4.

எர்த் குழிக்காரர் வந்திருக்கிறார். கரியும் உப்பும் வாங்கி வைக்கச் சொல்கிறார். வாசலில் வண்டி நிற்கிறது, மீதி ராத்திரி.