காயில் போச்சா, சர்க்யூட் போச்சா?

புது செல் போட்டும் ஓடாத குவார்ட்ஸ் வாட்சைப் பார்த்ததும் "சர்க்யூட் போச்சு, மிஷினை மாத்திடலாம்" என்பது சுலபமான தீர்ப்பு. (மிஷின் என்றால் முள்ளை ஓட்டும் உள் பாகம் முழுவதும்.) பர்மா பஜார் வாட்ச் என்றால் மாற்றுவதுதான் லாபம், அதில் சண்டை இல்லை. பழைய எச்.எம்.டி. குவார்ட்ஸ் போல மாற்று மிஷின் கிடைப்பது கஷ்டம் என்றால், மல்டிமீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

முதலில் செல். புது சில்வர் ஆக்சைடு 1.55 வோல்ட்டை ஒட்டிக் காட்டும், 1.5க்குக் கீழே போனதை நம்ப வேண்டாம். காசிமேடு, ராயபுரம் பக்கத்துக் கடல் காற்றில் காண்டாக்ட் தகடு பச்சை பூத்துவிடும். ஆல்கஹால் தொட்ட மரக்குச்சியால் அதைத் துடைத்தாலே சில வாட்ச் ஓட ஆரம்பிக்கும்.

அடுத்து காயில், அதாவது முள்ளை ஓட்டும் மோட்டாரின் கம்பிச் சுற்று. செல்லைக் கழற்றுங்கள். முடிந்தால் சர்க்யூட்டின் ஸ்குரூவையும் எடுத்துவிடுங்கள். சர்க்யூட் ஒட்டியிருந்தால் ஐசி (காயிலுக்குத் துடிப்பு அனுப்பும் சிப்) வழியாகவும் கரண்ட் ஓடி அளவு பொய் சொல்லும். மீட்டரை 20கே (20 கிலோ ஓம்) ரேஞ்சில் வைத்து, புரோபை காயிலின் இரு முனைத் தகட்டில் மட்டும் வையுங்கள். கம்பி தலைமுடியைவிட மெல்லிசு, சுற்றின் மேல் பட்டால் அறுந்துவிடும். பெரும்பாலான மிஷினில் 1 முதல் 3 கிலோ ஓம் வரும். ஒன்றுமே காட்டாவிட்டால் கம்பி அறுந்திருக்கிறது. பெரும்பாலும் வழுக்கிய ஸ்குரூடிரைவர் செய்த வேலை. அதே மாடலின் நல்ல காயிலைவிட ரொம்பக் குறைவாக வந்தால் சுற்றுகள் உள்ளே ஷார்ட்.

காயில் சரியா? எல்லாவற்றையும் திரும்பப் பூட்டி, செல் போட்டு, டிசி 2 வோல்ட் ரேஞ்சில் அதே முனைகளைப் பாருங்கள். விநாடி முள் உள்ள மிஷினில் விநாடிக்கு ஒரு துடிப்பு, பிளஸ் ஒருமுறை, மைனஸ் ஒருமுறை. துடிப்பு சில மில்லி விநாடிதான், அதனால் டிஜிட்டல் மீட்டரில் 1.5 வராது, எண் முன்னும் பின்னும் ஆடினால் போதும். கிரவுனை (நேரம் திருப்பும் திருகை) உள்ளே தள்ளியிருக்க வேண்டும்! வெளியே இழுத்திருந்தால் பல மிஷினில் துடிப்பே நின்றுவிடும், நல்ல சர்க்யூட்டைக் குப்பையில் போடுவது இப்படித்தான். துடிப்பு வந்தும் முள் நகராவிட்டால் ரோட்டர் (மோட்டாரில் சுழலும் குட்டிப் பாகம்) காந்தத்தில் இரும்புத் தூள் ஒட்டியிருக்கிறதா, சக்கரத்தில் எண்ணெய் காய்ந்திருக்கிறதா என்று லென்ஸ் வைத்துத் தேடுங்கள். துடிப்பே இல்லையென்றால்தான் ஐசியோ, நேரக் கணக்கு வைக்கும் குவார்ட்ஸ் கிரிஸ்டலோ போயிருக்கிறது.

ஓடுகிற வாட்சுக்கும் கரண்ட் பார்ப்பது நல்லது. செல்லுக்கும் மிஷினுக்கும் நடுவே 10 கிலோ ஓம் ரெசிஸ்டர், மிஷினுக்கு இணையாக 100 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டர். சில நிமிடம் விட்டு ரெசிஸ்டரின் குறுக்கே அளந்தால் 10 மில்லி வோல்ட்டுக்கு 1 மைக்ரோ ஆம்பியர் கணக்கு. சாதாரண மூன்று முள் வாட்சுக்கு 1, 2 மைக்ரோ ஆம்பியர் வரை சரி. 10 வந்தால் ஈரக்கசிவு, இல்லை காய்ந்த எண்ணெய். அதை விட்டுவிட்டு 377 எண் பட்டன் செல்லை மட்டும் மாற்றிக் கொடுத்தால், "இப்பதானே செல் போட்டேன்" என்று நாலு மாதத்துக்குள் வாடிக்கையாளர் திரும்ப வருவார்.