ஏழு டிகிரிப் பாறையில் வீட்டுக்குச் சூடு

ஸ்டாக்ஹோம் பக்கம் தனி வீடு பார்க்கப் போனால் விளம்பரத்திலேயே பாறைச் சூடு (பாறையில் ஆழத் துளை போட்டு, அங்கிருந்து எடுக்கும் சூட்டில் வீட்டைச் சூடாக்கும் ஏற்பாடு) இருக்கிறதா இல்லையா என்று போட்டிருப்பார்கள், விலையும் அதற்கேற்றபடி ஏறும். ஊரிலிருந்து வருகிறவர்களிடம் சொன்னால் ஏதோ எரிமலைக் குழம்பு மேல் வீடு கட்டியிருப்பதுபோல் பார்க்கிறார்கள். அதெல்லாம் கிடையாது. இங்கே நூறு மீட்டர் ஆழத்தில் பாறை ஏழெட்டு டிகிரிதான், தொட்டால் ஜில்லென்றுதான் இருக்கும். ஆனால் வெளியே மைனஸ் 15 இருக்கும் ஜனவரியிலும் அது அதே ஏழெட்டு டிகிரி. அதுதான் விஷயமே.

துளை போடுவது நம்மூர் போர்வெல் போலத்தான்: லாரி, காது கிழியும் சத்தம், சாம்பல் நிறச் சேறு. மண் சரியாமல் இருக்கப் பாறை தட்டும்வரை இரும்புக் குழாய், அதற்குக் கீழே ஒரு சாண் அகலம்கூட இல்லாத வெறும் துளை, 150 - 200 மீட்டருக்குப் போகும். தண்ணீர் எடுப்பதற்கு அல்ல. கீழே போய் வளைந்து மேலே திரும்பும் ஒரு பிளாஸ்டிக் குழாயை உள்ளே இறக்கி, உறையாமல் இருக்க எத்தனால் கலந்த தண்ணீரை அதில் சுற்ற விடுகிறார்கள் (குடிக்க முடியாதபடி செய்த எத்தனால், ஆசைப்பட வேண்டாம்).

அந்தத் தண்ணீர் மேலே வரும்போது மூன்று நான்கு டிகிரி அதிகமாகியிருந்தால் பெரிய விஷயம், கடுங்குளிரில் பூஜ்யத்தை ஒட்டியே வரும். அதை வைத்து வீட்டை எப்படி 21 டிகிரிக்குக் கொண்டுபோவது? அதற்குத்தான் வீட்டுக்குள் ஹீட் பம்ப் என்று ஒரு இயந்திரம், ஃபிரிட்ஜ் செய்வதைத்தான் இதுவும் செய்கிறது. உள்ளே ஓடும் குளிர்பதனப் பொருள் பூஜ்யத்துக்கு வெகு கீழேயே கொதித்துவிடும், அதனால் பூஜ்ய டிகிரித் தண்ணீர்கூட அதற்கு அடுப்புதான். ஆவியானதை கம்ப்ரசர் அழுத்த, சூடு ஏறுகிறது. அந்தச் சூட்டை அறைகளைச் சூடாக்கும் ரேடியேட்டர்களில் ஓடும் தண்ணீருக்குக் கொடுத்துவிட்டு அது மறுபடி திரவமாகி, வால்வு வழியாக அழுத்தம் குறைந்து, குளிர்ந்து, திரும்பவும் முதலிலிருந்து. மின்சாரம் செலவாவது பெரும்பாலும் அந்தக் கம்ப்ரசருக்கு மட்டும். ஒரு யூனிட் கொடுத்தால் மூன்று, நான்கு யூனிட் சூடு கிடைக்கிறது. வருடத்துக்கு 20,000 யூனிட் சூடு கேட்கும் பழைய வீடு ஏழாயிரத்துக்குள் மின்சாரத்தில் முடித்துக்கொள்ளலாம்.

1973 எண்ணெய் நெருக்கடிக்கு முன் இந்த நாட்டில் வீடுகள் பெரும்பாலும் எண்ணெய் பாய்லரில்தான் ஓடின. 1991இல் கார்பன் வரியும் வந்தபிறகு எண்ணெயை யார் சீந்துவார்கள்?

ஆனால் ஒன்று, ஒரு யூனிட்டுக்கு நான்கு, ஐந்து யூனிட் சூடு என்று விற்க வருகிறவர் காட்டும் எண் பெரும்பாலும் 35 டிகிரித் தண்ணீருக்கானது, அதாவது ரேடியேட்டருக்குப் பதில் அறைத் தரைக்கடியில் வெந்நீர்க் குழாய் ஓடும் வீட்டுக்கு. 55 டிகிரி கேட்கும் பழைய சின்ன ரேடியேட்டர் என்றால் கம்ப்ரசர் கூடுதலாக உழைக்க வேண்டும், கணக்கு இறங்கிவிடும். அதனால் மேல்மாடிக் கூரைக்கு நல்ல காப்பு போடுவது, ஜன்னல் இடுக்கை அடைப்பது இதெல்லாம் முதலில், இயந்திரம் அப்புறம் என்பதுதான் என் கட்சி.

பணம் போகும் இன்னொரு இடம் துளை. அதில் ஆழத்தைக் குறைத்து விலையைக் குறைக்கிறேன் என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். துளை போதாவிட்டால் பாறையிலிருந்து எடுக்கும் அளவுக்குச் சூடு திரும்பி வராமல் வருடத்துக்கு வருடம் அது குளிர்ந்துகொண்டே போகும். பக்கத்து வீட்டுத் துளைக்கும் நம்முடையதற்கும் 20 மீட்டராவது விடச் சொல்வதும் இதனால்தான், நகராட்சி அனுமதியில் அதைப் பார்ப்பார்கள். இயந்திரம் இருபது வருடத்தில் போய்விடும், துளை அப்படியே இருக்கும், அடுத்த இயந்திரத்தை அதே குழாயில் மாட்டிக்கொள்ளலாம்.

கோடையில் கம்ப்ரசரை நிறுத்திவிட்டு அந்தக் குளிர்ந்த தண்ணீரை மட்டும் சுற்றவிட்டால் வீடும் குளிரும், வீட்டுச் சூடு பாறைக்குப் போய்ச் சேரும். இதைச் சொன்னதும் சென்னைக்காரர்கள் எல்லோரும் நிமிர்ந்து உட்காருகிறார்கள். அங்கே நிலத்தடியும் 28 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும், கம்ப்ரசர் இல்லாமல் குளிராது, அந்த லாபத்துக்காக இவ்வளவு ஆழம் தோண்டிக் காசு கொட்டுவதற்கு நல்ல ஏசி வாங்கிக்கொள்ளலாம்.