ஷு நாட்டு வழியில லி பாய் கவிதையோட ஒரு பயணம்

தாங் காலத்து கவிஞர் லி பாய் எழுதின "ஷு வழி கடினம்" கவிதைய வச்சு சீனாவுல ஆயிரம் வருஷத்துக்கு மேல ஒரு வழக்கு நடந்துட்டு இருக்கு, இது நிஜமா எதப் பத்தின கவிதைன்னு. ஷுங்கிறது இன்னைக்கு சிச்சுவான். வடக்க சாங்கான், அதாவது இப்போதைய சியான், அங்கிருந்து சின்லிங் மலையத் தாண்டி தெற்க செங்டுவுக்கு இறங்குற வழிதான் ஷு வழி. "ஷுவுக்குப் போற வழி கஷ்டம், நீல வானத்துல ஏறுறதவிட கஷ்டம்"னு கவிதையில ஒரே வரி மூணு தடவ வரும். வெறும் மலையப் பார்த்து ஒரு மனுஷன் இப்படிக் கத்துவாரா, உள்ள வேற ஏதோ இருக்குன்னு ஆளாளுக்கு ஒண்ணு சொல்லிட்டுப் போயிருக்காங்க. எனக்கு இந்த கவிதை மேல ரொம்ப நாளா ஒரு பித்து, அந்த வழியிலயே போய்ப் பார்த்துடணும்னு கிளம்பிட்டேன்.

ரொம்பப் பேர் சொல்ற விளக்கம் அரசியல். 755ல ஆன் லூஷான்ங்கிற தளபதியோட கலகம் வெடிச்சு, மறு வருஷம் பேரரசர் சுவான்ஸோங் தலைநகர விட்டுட்டு ஷுவுக்கு ஓடினார் இல்லையா, அங்க போகாதீங்கன்னு அவர எச்சரிக்கத்தான் லி பாய் எழுதினார்னு சொல்லுவாங்க. கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா யின் ஃபான்ங்கிறவர் 753ல முடிச்ச தொகுப்புலயே இந்த கவிதை இருக்கு, கலகத்துக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே! அப்போ அந்த கதை நிக்காது. கவர்னர் யான் வு கிட்ட இருந்து கவிஞர் நண்பர் து ஃபூவ காப்பாத்த எழுதினதுங்கிற கதையும் இதே காரணத்தால விழுந்துடுது, அவங்க ரெண்டு பேரும் ஷுவுல இருந்ததெல்லாம் அதுக்கும் பின்னாடி. பதவி கிடைக்காத கசப்பத்தான் மலையா மாத்திப் பாடியிருக்கார்னு சிலர், பழைய பாட்டுத் தலைப்பு ஒண்ண எடுத்து தன் திறமையக் காட்டியிருக்கார், அவ்வளவுதான்னு இன்னும் சிலர். ஷுவுக்குப் போற ஒரு நண்பர வழியனுப்பப் பாடினதுன்னும் ஒரு கட்சி உண்டு, நான் அந்தக் கட்சி. ஏன்னு சொல்றேன்.

சியான்ல இருந்து ட்ரெயின்தான் ஏறினேன். 2017 டிசம்பர்ல திறந்த அதிவேக ரயில் பாதை, மலைக்குள்ள நுழைஞ்சதும் டன்னல் மாத்தி டன்னல், நடுவுல ஒரு நொடி வெளிச்சம், அந்த நொடியில கீழ எங்கயோ ஒரு ஓடை தெரியும், அதப் பாக்குறதுக்குள்ள திரும்ப இருட்டு. ஹான்ஜோங் சமவெளியில மட்டும் கொஞ்ச நேரம் வயலும் வீடுமா போச்சு, அப்புறம் மறுபடி மலை. குவாங்யுவான்ல இறங்கி முதல்ல மிங்யுவே பள்ளத்தாக்குக்குப் போனேன், ஏன்னா ஷு வழின்னா எப்படி இருந்திருக்கும்னு கண்ணால பாக்கணும்னா அதான் இடம். ஜியாலிங் ஆறு ரெண்டு பாறைச் சுவருக்கு நடுவுல ஓடுது, கரைன்னு சொல்ல ஒரு அடி மண்ணு கிடையாது. பாறையில சதுரமா துளை வெட்டி, அதுல மரக்கட்டைய சொருகி, மேல பலகை பரப்பி, அது மேல மனுஷனும் குதிரையும் படையும் போயிருக்காங்க. அந்த துளைங்க இன்னும் வரிசையா இருக்கு. ஒண்ணுக்குள்ள கைய விட்டுப் பார்த்தேன், முழங்கை தாண்டி உள்ள போச்சு, உள்சுவர்ல உளி கொத்தின தடம் விரலுக்கு நல்லா தட்டுப்பட்டுச்சு. கீழ ஆறு. இந்த ஒரு துளைய வெட்டினவன் எதுல கால் வச்சு நின்னுருப்பான்? அங்க நின்ன நேரம் பூரா எனக்கு அதான் ஓடிட்டு இருந்துச்சு.

லி பாயும் கவிதையோட ஆரம்பப் பகுதியிலயே இந்தப் பாதைக்கு வந்துடுறார். ஷு ராஜாவுக்கு சின் நாட்டு ராஜா அஞ்சு பெண்கள அனுப்புறார், அவங்களக் கூட்டிட்டு வர அஞ்சு பலசாலிங்க போறாங்க, வழியில ஒரு பெரிய பாம்பு குகைக்குள்ள நுழையுறதப் பார்த்து வாலப் பிடிச்சு இழுக்க, மலையே இடிஞ்சு எல்லார் மேலயும் விழுந்துடுதுன்னு பழைய கதை. கவிதையில இது ரெண்டே வரி. நிலம் பொளந்து மலை சரிஞ்சு வீரங்க செத்தாங்க, அதுக்கப்புறம்தான் ஏணியும் பலகைப் பாதையும் ஒண்ணோட ஒண்ணு கோத்துச்சுங்கிறார். முதல்ல சாவு, அப்புறம்தான் பாதை.

அடுத்து ஜியான்மென்குவான், வாள் வாசல்னு பேர் வாங்கின கணவாய். எழுபத்திரண்டு சிகரம்னு சொல்றாங்க, நான் எண்ணல, ஆனா நேரா நிக்கிற அந்த சுவர் நடுவுல ஒரு கீறல் மாதிரி வழி இருக்கு பாருங்க, அதப் பார்த்ததும் வயிறு ஒரு மாதிரி ஆச்சு. பாறை முழுக்க உருண்டை உருண்டையா கூழாங்கல்லு பதிஞ்சு இருக்கு, ஒரு காலத்துல ஆத்துப் படுகையா கிடந்தது இப்ப தலைக்கு மேல நிக்குது. இப்ப இருக்கிற வாசல் கோபுரம் புதுசு, பழைய கோபுரத்த 1935ல மோட்டார் ரோடு போட இடிச்சுட்டாங்க, இது 2008 நிலநடுக்கத்துக்கு அப்புறம் திரும்பக் கட்டினது.

இந்த கவிதைய முழுசா மனப்பாடமா ஒப்பிச்சா டிக்கெட் இலவசம்னு அங்க ஒரு ஏற்பாடு உண்டு. நான் பாக்கும்போது ஒரு ஸ்கூல் பொண்ணு ஒப்பிச்சிட்டு இருந்தா, கைய முதுகுக்குப் பின்னாடி கட்டிக்கிட்டு. முதல் தடவ அந்த "ஷு வழி கஷ்டம்" வரி வரும்போது குரல் நல்லா கணீர்னு இருந்துச்சு, ரெண்டாவது தடவ வேகமா தாண்டிட்டா, மூணாவது தடவ அப்பாவத் திரும்பிப் பார்த்துட்டே மெதுவா சொன்னா. அதக் கேட்டதும்தான் எனக்கு புரிய ஆரம்பிச்சுச்சு, மூணும் ஒரே வரிதான், ஆனா மூணுலயும் பயம் ஒண்ணு இல்ல. முதல் தடவ பயம் ரொம்ப தூரத்துல இருக்கு, வானம், பழங்கால ராஜாக்கள், நாப்பத்தெட்டாயிரம் வருஷம்னு. ரெண்டாவது தடவ உடம்புக்கு வந்துடுது, மூச்சு வாங்குது, நெஞ்சப் பிடிச்சிட்டு உக்காருறான், ராத்திரி நிலாவுல குயில் கத்துது, முகத்துல ரத்தம் வத்திப் போகுது. அப்புறம் "ஐயோ, தூர தேசத்துக்காரா, நீ ஏன்டா வந்தே"ன்னு ஒரு கேள்வி வரும். அந்த இடத்துல நின்னுட்டு அதப் படிச்சா என்னையே கேட்ட மாதிரி இருந்துச்சு.

மூணாவது தடவ வர்றதுக்குள்ள மலை முடிஞ்சு மனுஷன் வந்துடுறான். ஒருத்தன் வாசல்ல நின்னா பத்தாயிரம் பேரால திறக்க முடியாது, ஆனா அந்த காவல்காரன் நம்ம ஆளா இல்லன்னா ஓநாயாவும் நரியாவும் மாறிடுவான்னு வரும். இந்த எச்சரிக்க அவருக்கு முன்னாடியே, மூணாம் நூற்றாண்டுல, மேற்கு ஜின் காலத்துல ஜாங் ஸாய்ங்கிறவர் இந்த இடத்தப் பத்தி எழுதின கல்வெட்டு வாசகத்துல இருக்கு, லி பாய் அத எடுத்து பல்லும் ரத்தமும் கொடுத்துட்டார். சரித்திரமும் அப்படித்தான் நடந்துச்சு. 263ல ஷு ராஜ்யத்துத் தளபதி ஜியாங் வெய் இந்த கணவாயப் பிடிச்சிட்டு நின்னப்போ, வடக்க இருந்து வந்த வெய் நாட்டு பெரிய படையால உள்ள வர முடியல. தெங் ஐங்கிற வெய் தளபதி மேற்க ஆள் இல்லாத மலையில பாதை வெட்டி, ஒரு இடத்துல கம்பளத்த சுத்திக்கிட்டு உருண்டே இறங்கி ஜியாங்யோ காவல் அரணுக்கு முன்னாடி வந்து நின்னார், அங்க இருந்த அதிகாரி மா மியாவ் சண்டையே போடாம சரணடைஞ்சுட்டார். கொஞ்ச நாள்ல ஷு ராஜ்யமே போச்சு. வாள் வாசல் கடைசி வரைக்கும் உடையல. மலை அது பாட்டுக்கு சும்மா நிக்கும், பாறை விழுந்தா அது யாரையும் குறி வச்சு விழாது, வாசல்ல நிக்கிறவன்தான் ஆள் பார்த்து முடிவெடுப்பான், லி பாய் கடைசியா பயப்படுறது அவனுக்குத்தான்னு நான் உறுதியா நம்புறேன்.

சாயங்காலம் கடைத்தெருவுல டோஃபு சாப்பிட்டேன், ஜியான்மென் டோஃபுன்னா அந்த பக்கம் பெரிய பேர், கடைக்கு கடை அதேதான், சூடா மிளகாய் எண்ணெயோட வந்துச்சு, அருமை. சாப்பிட்டுக்கிட்டே லி பாயோட இன்னொரு கவிதைய எடுத்தேன், ஷுவுக்குப் போற நண்பர வழியனுப்புறது. அதுல "மலை மனுஷன் முகத்துக்கு முன்னாலயே எழும்பும், மேகம் குதிரைத் தலைக்குப் பக்கத்துல பிறக்கும்"னு வரும். ரெண்டும் ஒரே வழி, ஒரே கவலை, இது அடங்கின குரல்ல பாடுது, அது கத்திப் பாடுது. அதான் நான் வழியனுப்புற கட்சியில நிக்கிறேன். பெரிய கவிதையிலயும் நடுவுல "மேற்க போறியே, எப்ப திரும்புவே"ன்னு ஒரு கேள்வி இருக்கு, அத ராஜாகிட்டயா கேப்பாங்க?

கடைசியில "செங்டு சந்தோஷமான ஊர்தான், ஆனா சீக்கிரம் வீட்டுக்குத் திரும்பிடு"ன்னு சொல்லிட்டு, மேற்கப் பார்த்து நீளமா ஒரு பெருமூச்சு விடுறார். மேற்கப் பார்க்கிறார்னா அவர் நிக்கிறது மலைக்கு வெளிய, சாங்கான் பக்கம். ஆனா அவர் வளர்ந்தது எங்க தெரியுமா, இதே ஷுவுல, இன்னைக்கு ஜியாங்யோன்னு சொல்ற ஊர்ப் பக்கம், ஜியான்மென்குவான்ல இருந்து இன்னும் தெற்க. நண்பர் போறது இவரோட ஊருக்கு! இருபத்தஞ்சு வயசு சுமாருக்கு யாங்சி ஆத்து வழியா படகுல வெளிய போனவர், அதுக்கப்புறம் ஜியாங்யோ வீட்டுக்கு வந்ததா எந்த பதிவும் இல்ல. பின்னாடி நாடு கடத்தி மேற்க அனுப்பினப்போ, 759ல ஷுவோட கிழக்கு ஓரத்துல இருக்கிற பைதி நகரம் வரைக்கும் ஆத்துல ஏறி வந்தார், அங்க மன்னிப்பு செய்தி கிடைச்சதும் படகத் திருப்பிக்கிட்டு கிழக்கயே போயிட்டார்.