நிலவின் கறையும் 'மாண்புயர்' பாடலும்

பள்ளிச் சிற்றாலயத்தில் நற்கருணை ஆசீரின்போது (கிறிஸ்துவின் உடலாக வணங்கும் அப்பத்தைக் கொண்டு குரு ஆசீர் வழங்கும் வழிபாடு) முழந்தாளிட்டு 'மாண்புயர்' பாடிய எவருக்கும் அதன் மெட்டு இன்றும் மறந்திராது. அது புனித தோமஸ் அக்குவினார் எழுதிய லத்தீன் பாடலின் கடைசி இரண்டு சரணங்களின் தமிழ் வடிவம். அந்தப் பாடல் எந்தத் திருநாளுக்காகப் பிறந்ததோ, அந்த நற்கருணைத் திருநாளைக் கேட்டு நின்றவர் ஒரு பெண் என்பதைத்தான் நாம் அதிகம் பேசுவதில்லை.

இன்றைய பெல்ஜியத்தின் லியேஜ் நகரருகே 1190களின் தொடக்கத்தில் பிறந்தவர் யூலியானா. ஐந்து வயதில் பெற்றோரை இழந்து, சகோதரி ஆக்னசுடன் கோர்னியோன் குன்றின் கன்னியர் மடத்தில் வளர்ந்தார். தொழுநோயாளர் பராமரிப்பும் அங்கேதான் நடந்தது. பதினாறு வயதளவில் செபத்தின்போது ஒரு காட்சி: முழு நிலவு, அதன் குறுக்கே ஒரு கரிய கோடு. நிலவு திருச்சபையின் வாழ்வு, அந்தக் கறை நற்கருணைக்கென்று தனித் திருநாள் இல்லாத குறை என்று அவர் உணர்ந்துகொண்டார். ஆனால் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் வாய் திறக்கவில்லை. பிறகே புனித மார்ட்டின் ஆலயத்தருகே தனித்துறைந்த எவாவிடமும் தோழி இசபெல்லாவிடமும் மனம் விட்டார்.

1246இல் லியேஜ் ஆயர் ரொபேர் தம் மறைமாவட்டத்துக்கு இத்திருநாளை ஏற்படுத்தினார். அதே ஆண்டில் அவர் இறந்தும் போனார். அடுத்து வந்த எதிர்ப்பில் யூலியானா மடத்தை விட்டே வெளியேற நேர்ந்தது. மடம் மடமாக அலைந்து 1258 ஏப்ரல் 5 அன்று ஃபோஸ் என்ற ஊரில் கண்மூடினார். லியேஜில் முன்பு ஆயருக்குத் துணைநிற்கும் தலைமைத் திருத்தொண்டராயிருந்து யூலியானாவை அறிந்திருந்தவரே பின்னர் நான்காம் உர்பான் பாப்பரசரானார். 1264 ஆகஸ்ட் 11 அன்று திருநாளை அகில திருச்சபைக்கும் விரித்த அவர், செப்டம்பர் 8 அன்று எவாவுக்குத் தனிக் கடிதமும் எழுதினார். யூலியானா ஓர் இளந்துறவியோடு சேர்ந்து ஆக்கிய வழிபாட்டுப் பாடங்களின் இடத்தில் அக்குவினாரின் பாடங்கள் நிலைத்தன. அவை ஒப்பற்றவைதாம், ஆனாலும் முதல் உழைப்பு யூலியானாவுடையது.

நற்கருணையை எல்லோரும் காண வைக்கும் கதிர்ப்பாத்திரத்தின் நடுவே அப்பத்தைத் தாங்கும் சிறு பிடிப்புக்கு லத்தீனில் 'குட்டி நிலா' என்று பொருள்படும் பெயர். பிறை வடிவத்தால் வந்த பெயர்தான். யூலியானாவின் நிலவை அறிந்தவர் அதைச் சும்மா பார்க்க முடியாது.

புலம்பெயர் நாடுகளில் நற்கருணை ஆசீரையும் பவனியையும் நடத்தும் நம்மவர் கவனிக்க வேண்டியவை சில. ஆசீர் கொடுப்பதற்கென்றே நற்கருணையை எழுந்தேற்றம் செய்யக்கூடாது, அதாவது வணக்கத்துக்காக வெளியே வைக்கக்கூடாது. முன்னதாக வாசகத்துக்கும் பாடலுக்கும் மௌனத்துக்கும் போதிய நேரம் வேண்டும். கதிர்ப்பாத்திரம் வைத்தால் நான்கு அல்லது ஆறு மெழுகுதிரிகள். தூபக் கரி முழுதும் சாம்பல் பூத்த பிறகே சாம்பிராணி இடவேண்டும். அவசரப்பட்டால் உருகிய சாம்பிராணி கரியை மூடி, 'மாண்புயர்' இரண்டாம் சரணத்துக்குள் தூபம் அணைந்துவிடும். பவனிக்குரிய அப்பத்தை அதற்கு முந்திய திருப்பலியிலேயே அர்ச்சிப்பது முறை. வெளியே காற்று திரியை அணைத்துவிடும், ஆகவே கண்ணாடி விளக்குகள்தான் உதவும்.

யூலியானா இறந்த ஏப்ரல் 5 பெரும்பாலும் தவக்காலத்திலோ பாஸ்காவை ஒட்டியோ வருவதால் கவனிப்பாரின்றிப் போகிறது. நற்கருணைத் திருநாளின் விசுவாசிகள் மன்றாட்டில் ஒரு வரி அவர் பெயருக்கு ஒதுக்கலாம்.