இருபத்தோரு புளியங்கொட்டையும் ஐந்து ஆட்டமும்

நேற்று ராத்திரி செவானி அணி பேட்டன் ரூஜில் மறுபடி தோற்றது. இது நான்காவது தடவை. 1899 நவம்பர் 13 அன்று அதே ஊரில் லூயிசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தை 34-0 என்று துவைத்தெடுத்தவர்கள், என் சாப்பாட்டு மேசைப் பகடை ஆட்டத்தில் மட்டும் ஏன் தடுமாறுகிறார்கள் என்பதுதான் ஒரு மாதமாக என் கவலை.

புதிதாகப் படிப்பவர்களுக்கு: டென்னசி மாநிலத்து மலைமேல், செவானி என்ற சிற்றூரில் ஒரு சின்னப் பல்கலைக்கழகம். அதன் அமெரிக்கக் கால்பந்து அணி (பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு முட்டி மோதி ஓடும் ஆட்டம், நம்முடையது இல்லை) 1899இல் 12 ஆட்டம் ஆடி 12லும் ஜெயித்தது. அதில் ஐந்து, ரயிலில் சுற்றிக்கொண்டே ஆறு நாளில் ஆடியவை. நவம்பர் 9 ஆஸ்டினில் டெக்சாஸ் பல்கலைக்கழக அணி, 12-0. மறுநாள் ஹூஸ்டனில் டெக்சாஸ் ஏ அண்ட் எம், 10-0. அதற்கு மறுநாள் நியூ ஆர்லியன்சில் டுலேன், 23-0. ஞாயிறு ஓய்வு. திங்கள் பேட்டன் ரூஜ். செவ்வாய் மெம்பிசில் மிசிசிப்பி, 12-0. கூட்டினால் 91-0. இதைப் பகடை உருட்டி மறுபடி ஆடிப் பார்ப்பதுதான் என் வேலை.

முதல் வாரம் பலகையிலேயே போய்விட்டது. அன்றைய மைதானம் 110 யார்டு. சார்ட் அட்டையில் ஐந்து யார்டுக்கு ஒரு கட்டம் என்று 22 கட்டம் போட்டேன். மூன்று முயற்சியில் ஐந்து யார்டு முன்னேறாவிட்டால் பந்து கைமாறும். பந்தை முன்னால் எறிவது 1906இல்தான் அனுமதிக்கப்பட்டது. ஆகவே பலகையில் எறிதலே கிடையாது, தள்ளுமுள்ளுதான். டச் டவுனுக்கு (பந்தோடு எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டுவது) இப்போதுபோல் ஆறு இல்லை, ஐந்து புள்ளி. அதன்பின் உதைத்து அடித்தால் ஒன்று. கம்பத்துக்கு நடுவே உதைக்கும் கோலுக்கும் ஐந்து.

பகடையில் விழும் எண்ணே யார்டு என்று வைத்தது மடத்தனம். சராசரி மூன்றரை, மூன்று உருட்டலில் பத்தைத் தாண்டிவிடும். இரண்டு பக்கமும் நிற்காமல் ஓடி, அரை மணி நேரத்தில் கணக்கு எழுதும் தாள் தீர்ந்தது. எண்ணில் இரண்டைக் கழித்தேன். மூன்று உருட்டலுக்கு சராசரி நாலரை, அதாவது ஐந்துக்குக் கொஞ்சம் கீழே. உடனே ஆட்டம் உயிர் பெற்றது. பலமான அணி என்பதால் செவானிக்கு மட்டும் இரண்டுக்குப் பதில் ஒன்றைத்தான் கழிக்கிறேன். தனித்தனி ஆட்டமாக ஆடினால் பெரும்பாலும் ஜெயித்துவிடுகிறார்கள்.

களைப்பைச் சேர்த்ததும் எல்லாம் சரிந்தது. பயணத்துக்குப் போன ஆட்டக்காரர்கள் 21 பேர். அதற்கு 21 புளியங்கொட்டை. களத்தில் 11, ஓரமாக 10. பகடையில் ஒன்று விழுந்தால் மறுபடி உருட்டு. அதிலும் ஒன்று என்றால் ஒரு கொட்டை வெளியே. அன்றைய விதிப்படி வெளியே போனவன் திரும்ப உள்ளே வர முடியாது. டெக்சாசைத் தாண்டிவிடுவேன், ஹூஸ்டனையும் தாண்டுவேன். நியூ ஆர்லியன்சில் கொட்டை குறைந்து, திங்கட்கிழமை படுத்துவிடும்.

தப்பைக் கண்டுபிடித்தது என் மகள். "அப்பா, அவங்க ஆளுங்க மட்டும் ஏன் விழவே மாட்டேங்குறாங்க?" எதிரணிக்கு நான் கொட்டையே வைக்கவில்லை! எதிரணி ஒவ்வொன்றுக்கும் 15 கொடுத்தேன் (நானாக வைத்த எண்). ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் விழுந்தவர்களை எழுப்ப இரண்டு உருட்டல். அதன்பின் ஒரே ஒரு தடவை ஐந்திலும் ஜெயித்தேன். ஆனால் எதிரணி புள்ளியே எடுக்காமல் ஐந்து ஆட்டமா? நடக்கவே இல்லை. அந்த 1899 பயணத்தை எல்லோரும் உடல் வலிமைக் கதையாகவே சொல்கிறார்கள். எனக்கென்னவோ தடுப்பாட்டம்தான் பெரிசாகத் தெரிகிறது.

இன்னொருவரையும் விட்டுவிடக்கூடாது: அணியின் மேலாளர் லூக் லீ. அப்போது 20 வயது மாணவர். வருமானம் தரும் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்துடனான ஆட்டம், வசூலைப் பங்கிடும் தகராறில் நின்றுபோனது. அந்தக் காசை ஈட்டத்தான் ஏறக்குறைய 2,500 மைல் ரயில் பயணம். கிளம்பும்போது ஆட்டக்காரர்களின் ஷூக்கள் ரயிலில் ஏறவில்லை. தந்தி அடித்துப் பின்னாலேயே வரவழைத்தார். அதற்கும் ஒரு சீட்டு எழுதி வைத்திருக்கிறேன்: 'ஷூ வரவில்லை, முதல் பாதியில் ஒரு யார்டு குறை'. பிற்பாடு செனட்டரான இவர், 1919இல் ஹாலந்தில் தஞ்சம் புகுந்திருந்த முன்னாள் ஜெர்மன் பேரரசர் கைசரைத் தூக்கிவரப் போய் வெறுங்கையோடு திரும்பினார். அதற்குத் தனிப் பலகையே போடலாம்.

வரும் சனிக்கிழமை மாண்ட்கோமெரி. 1899 நவம்பர் 30 அன்று அங்கே செவானி ஆபர்ன் அணியை ஜெயித்தது, 11-10. அந்தப் பருவம் முழுக்க செவானி விட்டுக்கொடுத்த புள்ளிகள் இந்தப் பத்துதான், எடுத்தது 322. ஆபர்னின் பயிற்சியாளர் ஜான் ஹைஸ்மன். இன்றைக்கு அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தின் பெரிய கோப்பை இவர் பெயரில்தான் இருக்கிறது. மகள் ஆபர்ன் பக்கம் உட்காரப்போவதாகச் சொல்லிவிட்டாள். 15 கொட்டை போதாதாம், 18 கேட்கிறாள். 16க்குப் பேசிக்கொண்டிருக்கிறேன்.