ஏஜென்சி வழியாக காண்ட்ராக்ட்: 500 பவுண்டு என்றால் 500 பவுண்டு இல்லை

ஐ.எல்.ஆர். (பிரிட்டனில் காலவரம்பின்றித் தங்கும் உரிமை) கைக்கு வந்ததும் நிரந்தர வேலையை உதறிவிட்டு காண்ட்ராக்டுக்குப் போக வேண்டும் என்பது லண்டன் ஐ.டி.யில் இருக்கும் நம்மவர்கள் பலரின் நெடுநாள் கணக்கு. ஒரு முதலாளியின் ஸ்பான்சரில் வரும் ஸ்கில்டு வொர்க்கர் விசாவில் இருக்கும்வரை சொந்த லிமிடெட் கம்பெனி வழியாக காண்ட்ராக்ட் எடுக்க முடியாது. அந்தக் கட்டு அவிழ்ந்ததும் நானும் ரிக்ரூட்டர்களின் போனை எடுக்க ஆரம்பித்தேன். 2025-இல் முதலில் வந்தது ஒரு பெரிய காப்பீட்டு நிறுவனத்தில் டேட்டா இன்ஜினியர் வேலை. "ஒரு நாளுக்கு 500, ஆறு மாதம், இன்சைடு" என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தார் ரிக்ரூட்டர்.

அந்தக் கடைசி வார்த்தையில்தான் எல்லாம் இருக்கிறது. ஐ.ஆர்.35 என்பது 1999 பட்ஜெட் அன்று வரித்துறை வெளியிட்ட ஒரு பத்திரிகைக் குறிப்பின் எண். 2000 ஏப்ரலில் சட்டமாக நடைமுறைக்கு வந்தது. நடுவில் ஒரு கம்பெனியை வைத்துக்கொண்டு, ஆனால் ஊழியர் போலவே ஒருவர் வேலை செய்தால், வரியையும் ஊழியர் போலவே கட்ட வேண்டும். அப்படிப்பட்ட வேலை இன்சைடு. உண்மையிலேயே தனித் தொழிலாகச் செய்தால் அவுட்சைடு. முன்பு இதை காண்ட்ராக்டரே முடிவு செய்துகொள்வார். அரசுத் துறையில் 2017 ஏப்ரலிலும், நடுத்தர, பெரிய தனியார் நிறுவனங்களில் 2021 ஏப்ரலிலும் அந்தப் பொறுப்பு கிளையன்டின், அதாவது வேலை வாங்கும் நிறுவனத்தின், கைக்குப் போய்விட்டது. 2022 செப்டம்பரில் அப்போதைய நிதியமைச்சர் குவாசி குவார்டெங் இந்த மாற்றங்களை ரத்து செய்வதாக அறிவித்தார். அடுத்து வந்த ஜெரெமி ஹன்ட் ஒரு மாதம்கூட ஆவதற்குள் அந்த ரத்தையே ரத்து செய்துவிட்டார். அந்தச் சில வாரங்களில் வாட்ஸ்அப் குழுக்களில் நடந்த கொண்டாட்டத்தைத் தனியாக எழுதலாம்.

ஈஸ்ட் ஹாமில் ஒரு அக்கா அக்கவுண்டன்டாக இருக்கிறார், யாழ்ப்பாணத்துக்காரர். அவரிடம் ரேட்டைச் சொன்னதும் வந்த பதில்: "தம்பி, ரேட்டை விடும். பேப்பரைக் கேட்டு வாங்கும்." அவர் சொன்ன பேப்பர்கள் இரண்டு. ஒன்று, கிளையன்ட் தரவேண்டிய ஸ்டேட்டஸ் முடிவு அறிக்கை. இன்சைடா அவுட்சைடா என்ற முடிவோடு அதற்கான காரணமும் அதில் இருக்க வேண்டும், எனக்கும் ஒரு பிரதி வர வேண்டும். இரண்டாவது, ஏஜென்சி தரவேண்டிய முக்கியத் தகவல் ஆவணம். கையில் எவ்வளவு வரும், எது எது பிடிக்கப்படும் என்று மாதிரிக் கணக்கு காட்டும் தாள். 2020 ஏப்ரலில் இருந்து, நிபந்தனைகளை ஒப்புக்கொள்ளும் முன்பே இதைத் தரவேண்டும் என்பது சட்டம்.

கேட்டால்தான் வந்தது. அறிக்கை ஒரு பக்கம்தான்; என் பெயரையும் வேலையின் பெயரையும் எடுத்துவிட்டால் யாருக்கு வேண்டுமானாலும் பொருந்தும். வேலையின் மேல் கிளையன்டுக்குக் கட்டுப்பாடு உண்டு, எனக்குப் பதில் வேறு ஆளை அனுப்ப உரிமை இல்லை, எனவே இன்சைடு. எல்லா காண்ட்ராக்டர்களுக்கும் ஒரே முத்திரை குத்தியிருக்கிறார்கள் என்று பார்த்ததுமே தெரிந்தது. எழுத்தில் மறுப்பு அனுப்பினேன். மறுப்பு கிடைத்ததிலிருந்து 45 நாளுக்குள் கிளையன்ட் பதில் தரவேண்டும். தராவிட்டால் வரிப் பொறுப்பு அவர்கள் தலையில் விழும். பதில் வந்தது: முடிவில் மாற்றமில்லை. கிளையன்டின் முடிவை எதிர்த்து கிளையன்டிடமே முறையிட வேண்டும், அதற்கு மேல் சுயேச்சையான மேல்முறையீடு எதுவும் கிடையாது. இது என்ன நியாயம் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. ஆனாலும் வேலை நல்ல வேலை. மறுப்பு ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருக்கும்போதே சேர்ந்துவிட்டேன்.

இன்சைடு என்றால் பெரும்பாலும் அம்ப்ரெல்லா கம்பெனி வழியாகத்தான் சம்பளம். ஏஜென்சியிடம் பணம் வாங்கி, நம்மைத் தன் ஊழியராக வைத்து, வரி பிடித்துச் சம்பளம் தரும் இடை நிறுவனம் அது. முதல் வாரப் பே-ஸ்லிப்பை அக்காவுடன் உட்கார்ந்து வரி வரியாகப் பார்த்தேன். ஐந்து நாளுக்கு 2,500 பவுண்டு அம்ப்ரெல்லாவுக்கு வந்திருக்கிறது. அதில் அவர்கள் கட்டணம் 25. அடுத்து முதலாளி கட்டவேண்டிய நேஷனல் இன்ஷூரன்ஸ் (சமூகப் பாதுகாப்புக்கான பிடித்தம்) 15 சதவீதம், ஏறக்குறைய 309 பவுண்டு. அப்ரென்டிஸ்ஷிப் லெவி என்ற தொழிற்பயிற்சி வரி 11. இவ்வளவும் போன பிறகுதான் 2,155 என்ற "மொத்தச் சம்பளம்" தொடங்குகிறது. அதிலும் 232 பவுண்டு விடுமுறைச் சம்பளம். எனக்கே சேரவேண்டியதைத்தான் பிரித்துக் காட்டுகிறார்கள். பிறகு என் வருமான வரி 620, என் பங்கு நேஷனல் இன்ஷூரன்ஸ் 82. பேங்கில் விழுந்தது 1,450 சொச்சம். முதலாளியின் பங்கும் நம் ரேட்டுக்குள்ளேயே அடங்கியிருக்கிறது என்பதை ரிக்ரூட்டர் யாரும் போனில் சொல்வதில்லை. நிரந்தர வேலைச் சம்பளத்தோடு ஒப்பிடுபவர்கள் 2,500-ஐ வைத்து ஒப்பிடக் கூடாது, 2,155-ஐ வைத்துத்தான் ஒப்பிட வேண்டும். வருஷம் முழுக்க இதே வேகத்தில் போனால் ஒரு லட்சத்தைத் தாண்டும். அங்கே வரிவிலக்குத் தொகை கரையத் தொடங்கும், சின்னக் குழந்தை இருப்பவர்களுக்கு, வேலை செய்யும் பெற்றோருக்கான இலவசப் பராமரிப்பு நேரமும் போய்விடும். தாண்டும் தொகையை சேலரி சாக்ரிஃபைஸ் முறையில், அதாவது சம்பளமாக வாங்காமல், நேராக பென்ஷனுக்குத் திருப்பிவிட்டேன். இதை எல்லா அம்ப்ரெல்லாவும் செய்து தருவதில்லை, சேரும் முன்பே கேட்டுவிடுங்கள்.

இந்தச் சமயத்தில்தான் வேறொரு அம்ப்ரெல்லாவிலிருந்து விற்பனைக்காரர் ஒருவர் கூப்பிட்டார். 85 சதவீதம் கையில் வரும் என்றார். எப்படி என்று கேட்டால், ஒரு பகுதி சம்பளம், மீதி "கடன்" மாதிரி வரும், அதற்கு வரி இல்லை என்றார். அந்தக் கடன் வித்தையை நம்பியவர்கள் மேல்தான் 2019-இல் லோன் சார்ஜ் என்ற வரி பாய்ந்தது. பழைய வருஷங்களுக்கும் சேர்த்துப் பணம் கேட்டு கடிதம் வந்தது, பல குடும்பங்கள் சின்னாபின்னமாயின. திட்டத்தை விற்றவர்கள் கடையைக் கட்டிவிட்டார்கள். பில் வந்தது வேலை செய்தவன் வீட்டுக்கு. போனை வைத்துவிட்டேன்.

ஏஜென்சி அனுப்பிய கட்டில் இன்னொரு தாளும் இருந்தது: ஆப்ட்-அவுட் படிவம். ஏஜென்சிகளுக்கான 2003-ஆம் ஆண்டு நடத்தை விதிகள் எனக்குப் பொருந்தாது என்று நானே கையெழுத்துப் போட்டுத் தருவது. கிளையன்ட் பணம் தரவில்லை என்று சொல்லி ஏஜென்சி என் பணத்தை நிறுத்தக் கூடாது என்கிறது அந்த விதி. டைம்ஷீட்டில் மேலாளர் கையெழுத்து இல்லை என்பதும் சாக்காகாது; சரிபார்க்க நியாயமான அவகாசம் எடுக்கலாம், அவ்வளவுதான். இவ்வளவு பாதுகாப்பை ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்? "எல்லோரும் போடுவதுதான்" என்றார் ரிக்ரூட்டர். இதைப் போட்டால்தான் வேலை என்று நிபந்தனை வைக்க விதியில் இடமில்லை என்று ஒரே வரியில் பதில் எழுதினேன். அதன் பிறகு அவர் அந்தப் படிவத்தைப் பற்றிப் பேசவே இல்லை.

ஆறு மாதம் முடிந்து அடுத்து வந்தது ஒரு சின்ன மென்பொருள் நிறுவனம், அவுட்சைடு. கிளையன்ட் சட்டப்படி "சிறிய" நிறுவனம் என்றால் முடிவும் பொறுப்பும் பழையபடி என் கம்பெனியிடமே. இந்த நிறுவனம் சிறியதா என்பது ஏஜென்சிக்குத் தெரியவில்லை, கிளையன்டிடம்தான் எழுத்தில் கேட்டு உறுதி வாங்கினேன். பொறுப்பு என்னுடையது என்பதால் ஒப்பந்தத்தை ஐ.ஆர்.35 பார்க்கும் வழக்கறிஞரிடம் காசு கொடுத்துக் காட்டினேன். அவர் சிவப்பில் வட்டமிட்டது இந்த வரியை: "ஆலோசகர் வாரம் 40 மணி நேரம், கிளையன்டின் உத்தரவுப்படி வேலை செய்வார்." ஊழியர்தான் என்று வரித்துறைக்கு நாமே எழுதிக் கொடுப்பது போன்றது அது. "ஒப்புக்கொண்ட பணிகளைத் தன் முறையில் முடித்துத் தருவார்" என்று மாற்றினோம். மாற்று ஆளை அனுப்பும் உரிமையும் என் ஒப்பந்தத்தில் இருந்தது. ஆனால் ஏஜென்சிக்கும் கிளையன்டுக்கும் இடையே உள்ள மேல் ஒப்பந்தம் என் கண்ணில் படவே படாது. அதில் என் பெயரைப் போட்டு "இவர் மட்டுமே" என்று இருந்தால் என் ஷரத்துக்கு மதிப்பில்லை. அதனால் வேலை உண்மையில் எப்படி நடக்கும் என்று ஒரு பக்கக் கடிதம் எழுதி, கிளையன்ட் மேலாளரிடம் கையெழுத்து வாங்கி வைத்துக்கொண்டேன்.

அண்மையில் நீட்டிப்பு வந்தது. ஏஜென்சி தன் பழைய டெம்ப்ளேட்டிலேயே புது ஒப்பந்தத்தைப் போட்டு அனுப்பியது. 40 மணி நேரமும் உத்தரவும் அப்படியே திரும்பி வந்திருந்தன. முதல் ஒப்பந்தத்தில் திருத்திய பக்கத்தை இணைத்துத் திருப்பி அனுப்பினேன். மறுநாள் மாலை சரியான பிரதி வந்தது, கையெழுத்துப் போட்டேன்.