சிஸ்டம் சொன்னது 4 பேட்ச், நோட்டு சொன்னது 6

குறையுள்ள சரக்கைத் திரும்பப் பெறும் ரீகால் முடிந்துவிட்டது என்று சொல்ல இன்னும் வாய் வரவில்லை. ஆனால் தூக்கம் வர ஆரம்பித்துவிட்டது, அதனால் எழுதுகிறேன். நாங்கள் தயாரிப்பது சார்ஜர் அடாப்டர். உள்ளே போகும் ஒரு கெப்பாசிட்டரில், குறிப்பிட்ட ஒரு லாட் (ஒரே தொகுப்பாகத் தயாரானவை) மட்டும் சூடேறி விரிசல் விடுகிறது என்று சப்ளையரிடமிருந்து கடிதம் வந்தது. தரக்கட்டுப்பாடு என்னுடையது என்பதால் விஷயம் என் தலையில் விழுந்தது.

முதல் அரை மணி நேரம் அமர்க்களமாகப் போனது. கம்பெனியின் ஸ்டாக், தயாரிப்புக் கணக்கை வைத்திருக்கும் ஈஆர்பி மென்பொருளில் லாட் எண்ணைத் தட்டியதும் எங்கள் அடாப்டரில் எந்த பேட்ச்சில் போனது, பெட்டிகளை அடுக்கும் பேலட்டில் எதில் ஏறியது, யாருக்கு அனுப்பினோம் என்று மளமளவென வந்துவிட்டது. மொத்தம் 4 பேட்ச். ஒத்திகையாக நடத்தும் வருடாந்திர மாதிரி ரீகாலில் எப்போதும் பெயர் வாங்குகிறவர்கள் நாங்கள், அந்த மிதப்பு வேறு.

பட்டியலை எட்டிப் பார்த்த லைன் சூப்பர்வைசர், "சார், அந்த ரீல் அதுக்கப்புறமும் ஓடுச்சே" என்றார். கையில் ஒரு பழைய நோட்டு. மெஷினில் கெப்பாசிட்டர் சுற்றி வரும் ரீலை மாற்றும்போதெல்லாம் நேரத்தையும் லாட் எண்ணையும் பென்சிலில் குறித்து வைத்திருக்கிறார். யாரும் எழுதச் சொன்னதில்லை. மெஷின் தகராறு செய்தால் எந்த ரீலிலிருந்து ஆரம்பித்தது என்று தெரிய வேண்டுமாம். அவர் கணக்கில் 6 பேட்ச்.

சிஸ்டம் ஏன் 4 என்றது? எங்களுடையது பேக்ஃப்ளஷ் முறை. இத்தனை அடாப்டர் முடிந்தது என்று எண்ணிக்கையைப் போட்டால், பாகங்களைப் பழைய லாட்டிலிருந்து வரிசையாகக் கழித்துக்கொள்ளும். லைனில் உண்மையில் எந்த ரீல் மாட்டியிருந்தது என்பது அதற்குத் தெரியாது. முதலில் வந்தது முதலில் போயிருக்கும் என்பது வெறும் அனுமானம். லைனிலோ, கைக்கு எட்டிய ரீலை எடுத்து மாட்டுகிறார்கள். மாதிரி ரீகாலில் இது ஏன் தெரியவில்லை என்றால், அங்கேயும் சிஸ்டம் சொன்னதை சிஸ்டத்தை வைத்தே சரிபார்த்திருக்கிறோம். நீங்கள் நடத்தும்போது தயவுசெய்து 2 அடாப்டரைப் பிரித்து, உள்ளே இருக்கும் லாட் எண்ணைக் கண்ணால் பாருங்கள்.

சரி, 6 பேட்ச்சையும் வெளியே போகாதபடி மதியம் 3 மணிக்கு சிஸ்டத்தில் பிளாக் செய்தேன். திரையில் சிவப்பு விளக்கு, எனக்கு நிம்மதி. மாலை 7 மணிக்கு ஒரு விநியோகஸ்தர் போன் செய்து, "சரக்கு கிளம்பிடுச்சுன்னு மெசேஜ் வந்திருக்கு, திருப்பி அனுப்பச் சொல்லியும் மெயில் வந்திருக்கு, எதை நம்பறது?" என்று கேட்டார். கிடங்கை நடத்துவது வேறு நிறுவனம், அவர்களுக்குத் தனி மென்பொருள். எங்கள் பிளாக் அங்கே போய்ச் சேருவது நள்ளிரவில், நாளுக்கு ஒரே முறை. கிடங்கு அலுவலகத்துக்குப் போன் போட்டால், "எங்க ஸ்க்ரீன்ல ஓகேன்னுதானே காட்டுது" என்றார் அங்கிருந்த ஊழியர். அவர் சொன்னதில் தப்பே இல்லை, அதுதான் எரிச்சல். அந்தச் சரக்கோடு கிளம்பியிருந்த 2 லாரிகளையும் பாதி வழியில் திருப்பினோம். பிளாக் போட்டதும் போனில் கூப்பிட்டு, பேலட் மேல் சிவப்பு அட்டை ஒட்டிய படத்தை வாங்கிக்கொள்ளுங்கள். நான் இனி அப்படித்தான்.

விநியோகஸ்தர்களுக்குப் பட்டியல் அனுப்பியதிலும் ஒரு சறுக்கல். பேலட் எண் 18 இலக்கம். ஸ்ப்ரெட்ஷீட்டில் அதை எண்ணாகத் திறந்தால் முதல் 15 இலக்கம்தான் மிஞ்சும், கடைசி 3 பூஜ்யமாகிவிடும். எங்கள் பட்டியலில் ஒரே பேலட் வரிசையாகப் பத்து முறை வந்தது. அந்த நெடுவரிசையை முன்கூட்டியே டெக்ஸ்ட் என்று மாற்றிவிட்டு இறக்கினால் இந்தத் தொல்லை இல்லை.

கடைகளில் பேட்ச் பார்த்து பில்லிங்கை நிறுத்த முடியவில்லை. பெட்டியில் இருக்கும் 13 இலக்க பார்கோடு, இது இன்ன பொருள் என்று மட்டுமே சொல்லும். அதனால் நல்ல சரக்கையும் சேர்த்து நிறுத்தச் சொன்னோம், திட்டு வாங்கினோம். பார்கோடு தரங்களை வகுக்கும் ஜிஎஸ்1 அமைப்பின் 2டி குறியீட்டில் (கட்டம் கட்டமாக இருக்கும் சதுரக் குறியீடு) 10 என்ற அடையாளத்தோடு பேட்ச் எண்ணையும், 21 என்ற அடையாளத்தோடு சீரியலையும் வைக்கலாம். கடை மென்பொருளும் அதைப் படித்துச் சோதிக்கும்படி இருந்தால், பில் போடும் இடத்திலேயே தப்பான பேட்ச் நின்றுவிடும். இத்தனை நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தேன், இப்போதுதான் அனுமதி கிடைத்திருக்கிறது.

எனக்கு வயிற்றைக் கலக்கியது வேறொன்று. வாங்கியவர்கள் சீரியல் எண்ணைப் போட்டுப் பார்க்க ஒரு பக்கம் திறந்தோம். பூஜ்யத்துக்குப் பதிலாக ஆங்கில 'ஓ' எழுத்தைத் தட்டினால், "உங்கள் அடாப்டர் பாதிக்கப்படவில்லை" என்று வந்தது. பட்டியலில் இல்லாத எல்லா எண்ணுக்கும் அதே பதில்! ஒருவர் லேபிளைப் படமெடுத்து அனுப்பியதால் பிடித்தோம். இப்போது எழுத்தை எண்ணாக மாற்றிக்கொள்கிறது. நாங்கள் தயாரித்த எண்ணாகவே இல்லையென்றால், மறுபடி பார்த்துத் தட்டச் சொல்கிறது.

அப்புறம், திரும்பி வந்த பெட்டிகள். சாதாரண ரிட்டர்ன் என்று உள்ளே எடுத்ததால், சிஸ்டம் அவற்றை விற்பனைக்குரிய ஸ்டாக்கில் சேர்த்து, மறுநாளே ஒரு ஆர்டருக்கு ஒதுக்கியும்விட்டது. பேக்கிங் மேசையில் இருந்த பெண், பழைய டேப்புக்கு மேல் புது டேப் ஒட்டியிருப்பதைப் பார்த்து நிறுத்தினார். ரீகாலுக்குத் தனிக் காரணக் குறியீடும் பூட்டிய இடமும் முதல் பெட்டி திரும்புவதற்கு முன்பே தயாராக இருக்க வேண்டும்.

லைனில் இப்போது ரீல் மாற்றும்போது ஸ்கேன் செய்தால்தான் மெஷின் ஓடும். நோட்டு இன்னும் என் இழுப்பறையில் இருக்கிறது. சூப்பர்வைசர் அதைத் திருப்பிக் கேட்டுக்கொண்டே இருக்கிறார். "அதான் ஸ்கேனர் கொடுத்தாச்சே" என்றால், "சார்ஜ் போச்சுன்னா?" என்கிறார்.